நிழலுக்கு ஏற்ற கோரை

கோரை என்ற சொல் காதில் விழுந்ததும் கமக்காரன் மண்வெட்டியைத் தேடுவான். நிலத்தடிக் கிழங்குகளாற் பெருகி, பிடுங்கப் பிடுங்க முளைக்கும் அக்களையோடு அவன் படும் பாடு சொல்லுந் தரமன்று. எனினும், கோரைக் குடும்பம் மிகப் பெரியது. 5,000க்கு மேற்பட்ட இனங்கள் அதில் உண்டு. பாய் இழைக்க உதவும் கோரையும், பண்டை எகிப்தியர் எழுதுதாள் செய்த பப்பிரசும் அக்குடும்பத்தவையே. ஓர் உறுப்பினரின் குற்றத்துக்காகக் குடும்பம் முழுவதையும் ஒதுக்கிவைத்தல் நியாயமாகாது.

புல்லையும் கோரையையும் வேறுபடுத்தி அறிவது எளிது. தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பார்க்கலாம். புல்லின் தண்டு உருண்டையானது; கணுக்கள் உடையது. கோரையின் தண்டோ பெரும்பாலும் முப்பட்டையாய், உள்ளீடு நிறைந்து, கணுவின்றி இருக்கும்.

குளிர்நாடுகளில் மரநிழலை அழகுசெய்யக் கரெக்சு என்னும் கோரையினத்தை வளர்ப்பர். யப்பானிலிருந்து வந்த, வெண்கோடும் மஞ்சட்கோடும் ஓடிய இலைகளையுடைய வகைகள் அங்கே பெயர்பெற்றவை. வெப்பம் மிகுந்த நம் சமவெளிகளுக்கோ குடைக்கோரையே உகந்தது. ஆபிரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இது 3 முதல் 5 அடி வரை உயரும். தண்டின் உச்சியில் குடைக்கம்பிகள்போல் விரிந்து நிற்பவற்றை இலைகள் என்றே பலர் எண்ணுவர். அவை பூங்கொத்தைத் தாங்கும் பூவடிச் செதில்கள். உண்மையான இலைகள் அடியில் வெறும் உறைகளாய்ச் சுருங்கியுள்ளன.

மாமரத்தின் கீழும், சுவரோரத்தும், கிணற்றடியிலும் காலை வெயில் மட்டும் படும் இடங்கள் பல வளவுகளில் வெறுமையாய்க் கிடக்கின்றன. குடைக்கோரைக்கு அத்தகைய இடமே போதும். உச்சிவெயிலில் நீர் குறைந்தால் அதன் நுனிகள் கருகும். முழு நிழலிலோ தண்டுகள் மெலிந்து நீண்டு சாயும். ஆகவே, மூன்று நான்கு மணி நேர இளவெயிலும் என்றும் உலராத மண்ணும் இதற்குத் தேவை. மணலும் மக்கிய எருவும் கலந்த மண்ணில், ஐப்பசி மழை தொடங்கும்போது நடுதல் நன்று.

நாற்று உண்டாக்கும் முறை வியப்பானது. முற்றிய தண்டொன்றை உச்சிக் குடையோடு இரண்டு அங்குல நீளம் விட்டு வெட்டி, செதில்களைப் பாதியாகக் கத்தரித்து, நீருள்ள பாத்திரத்தில் தலைகீழாக மிதக்கவிடவேண்டும். இரண்டு மூன்று வாரங்களில் செதில்களின் கக்கத்திலிருந்து வேரும் குருத்தும் புறப்படும். ஆற்றோரங்களில் தண்டு சாய்ந்து, உச்சி நீரைத் தொடும்போது இயற்கை செய்வதும் இதுவே. அடிக்குத்தைப் பிரித்து நட்டாலும் பிழைக்கும்.

பழுத்த தண்டுகளை அடியோடு வெட்டிவிடல் வேண்டும். வெட்டிய தண்டு மீண்டும் தளிர்க்காது. அடிக்கிழங்கிலிருந்தே புதியவை எழும்.

இருவகை எச்சரிக்கைகள் இன்றியமையாதன. முதலாவது நுளம்பு. சாடியின் அடித்தட்டில் நீர் தேங்கினால், டெங்குவைப் பரப்பும் நுளம்பு அங்கே முட்டையிடும். முட்டை நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரமே செல்லும். ஆதலின், தட்டைச் சரளைக்கல்லால் நிரப்பி, நீர் கல்லின் மேலே தெரியாதவாறு காத்தல் வேண்டும். அன்றேல், வாரந்தோறும் நீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவவேண்டும்.

மற்றையது, செடி வளவைத் தாண்டிச் செல்லுதல். வெப்பநாடுகள் பலவற்றில் குடைக்கோரை தோட்டங்களிலிருந்து தப்பி நீரோடைகளில் பரவியுள்ளது. எனவே, பூங்கொத்து விதையாகுமுன் நறுக்கிவிடுதல் நலம். கழித்த குடைகளை வாய்க்காலிலோ குளக்கரையிலோ எறியலாகாது. வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே எருக்குழியில் இடவேண்டும். வயலை அடுத்த வளவுடையோர் இதனை நிலத்தில் நடாது சாடியில் மட்டும் வளர்ப்பாராயின், தம் முற்றமும் அழகுபெறும். அயலில் உள்ள கமக்காரனுக்கும் இன்னொரு கோரையால் இடர் நேராது.