கண்ணுல விடுறதுக்கு முன்னாடி லேபிளைப் படிங்க

ஸ்கிரீனைப் பார்த்தே பொழப்பு ஓட்டுற நம்ம எல்லாருக்குமான எபிசோடு இது. சாயங்காலம் ஆனா கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்தும், எரியும். சில பேருக்குத் தண்ணியும் கொட்டும். 'தண்ணி வருதே, அப்புறம் எப்படி வறட்சி?'ன்னு கேக்கலாம். கண்ணு காஞ்சு உறுத்துறதாலதான் அந்தத் தண்ணியே வருது. வந்தாலும் நிக்காம வழிஞ்சு போயிடும்.

சாதாரணமா நிமிஷத்துக்குச் சுமார் 15 தடவை கண்ணைச் சிமிட்டுவோம். ஸ்கிரீனைப் பார்க்கும்போது இது ரொம்பக் குறைஞ்சிடும். கண்ணீர்ங்கிறது வெறும் தண்ணி இல்ல. மேல எண்ணெய், நடுவுல தண்ணி, அடியில வழுவழுப்பான மியூசின். சிமிட்டினாத்தான் இது கண்ணு முழுக்கப் பரவும். சிமிட்டலும் குறைஞ்சு, ஏசி காத்தும் முகத்துல அடிச்சா, படலம் சீக்கிரம் உடைஞ்சிடும்.

சரி, மெடிக்கல் ஷாப்புக்குப் போய் 'கண்ணு எரியுது, ஏதாவது சொட்டு மருந்து குடுங்க'ன்னு கேக்குறோம். இங்கதான் கவனமா இருக்கணும். கையில வர்றது மூணுல எதுவா வேணா இருக்கலாம்.

முதல் வகை, லூப்ரிகேட்டிங் டிராப்ஸ். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், ஹைப்ரோமெல்லோஸ், சோடியம் ஹயலூரோனேட்னு லேபிள்ல இருக்கும். கண்ணீருக்குத் துணையா ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். நமக்கு வேண்டியது இதுதான்.

ரெண்டாவது, சிவப்பைப் போக்குறது. நாஃபசோலின் மாதிரி மருந்து ரத்தக்குழாயைச் சுருக்கும், கண்ணு பளிச்னு வெளுக்கும். ஆனா வறட்சி அப்படியே இருக்கும். தொடர்ந்து விட்டா, நிறுத்தினதும் சிவப்பு திரும்பி வரும்.

மூணாவது, ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன்னு இருக்கும். பல சமயம் ஆன்டிபயாட்டிக்கோட சேர்ந்து வரும். விட்டா நல்லா இதமா இருக்கும், அதுதான் ஆபத்து. டாக்டர் கண்காணிப்பு இல்லாம வாரக்கணக்குல விட்டா, சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி கிளாக்கோமா வரலாம். வலியே இல்லாம நரம்பு பாதிக்கும். போன பார்வை திரும்ப வராது. அதனால பழைய சீட்டைக் காட்டியோ, நண்பர் விடுறாரேன்னோ வாங்காதீங்க.

இனி விடுற முறை. கையைக் கழுவிட்டு, அண்ணாந்து, கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு போதும். பாட்டில் முனை கண்ணுலயோ இமையிலயோ படக்கூடாது. ஒரு நிமிஷம் கண்ணை மூடி இருங்க. கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தா கழட்டிட்டு விடுங்க. ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல தேவைப்பட்டா, பிரிசர்வேட்டிவ் இல்லாததைக் கேளுங்க. பிரிசர்வேட்டிவே அடிக்கடி பட்டா கண்ணை உறுத்தும். பாட்டிலைத் திறந்த தேதியை மேல எழுதி வைங்க. பெரும்பாலான பாட்டில்கள்ல, திறந்து ஒரு மாசம்தான்னு போட்டிருக்கும். மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போடுங்க.

20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்துல இருக்கிற எதையாவது 20 செகண்ட் பாருங்க. அப்போ நல்லா முழுசா சிமிட்டுங்க. வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்த்தா கூச்சம், பீளை இருந்தா சொட்டு மருந்தைத் தேடாதீங்க, கண் டாக்டரைப் பாருங்க.

இப்போ ஒரே ஒரு வேலை. டிராயர்ல கிடக்கிற அந்த பாட்டிலை எடுத்து, பொடி எழுத்துல இருக்கிற மருந்து பேரைப் படிங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!