எழுதிவைத்த ஏவல்கள்

கணினியைப் பயன்படுத்துவோரிற் பெரும்பாலார் திரையிலுள்ள படங்களை அழுத்தித் தம் காரியத்தை முடித்துக்கொள்வர். நிரல் எழுதுவோர் வழக்கம் வேறு. அவர்கள் ஏவற் சொற்களை வரிவரியாகத் தட்டெழுத்திற் பொறிப்பர். ‘ஷெல்’ என்னும் ஏவலாளன் அவற்றை ஒவ்வொன்றாக நிறைவேற்றுவான். ஒரு நிரலை உருவாக்கப் பத்து ஏவல்கள் வேண்டுமாயின், பத்தையும் முறை பிறழாது கொடுத்தல் வேண்டும். நாலாவதை மறந்தால் யாது நிகழும்?

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1976ஆம் ஆண்டில் நிகழ்ந்ததொன்று இவ்வினாவுக்கு விடை தரும். அங்கே பணிபுரிந்த ஸ்டீவ் ஜோன்சன் ஒரு காலைப்பொழுது முழுவதையும் ஒரு நிரலிற் பிழை தேடுவதிலே செலவிட்டார். பிழையோ முன்னரே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பினை இயந்திர மொழிக்கு மாற்றும் ஏவல் மட்டுமே கொடுக்கப்படவில்லை. ஆகவே பழைய நிரலே ஓடிக்கொண்டிருந்தது. விதியை நொந்தவண்ணம் அவர் ஸ்டூவர்ட் பெல்ட்மன் என்பாரின் அறைக்குட் புகுந்தார். பெல்ட்மனும் முதல்நாள் மாலை இதே இடரிற் சிக்கியிருந்தவர். அந்த வார இறுதியிலேயே ‘மேக்’ என்னும் கருவி உருவாயிற்று.

மேக்கிற்கென எழுதப்படும் ஏடு யாவரும் படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பே. எப்பொருள் எதிலிருந்து பிறக்கின்றது, எவ்வேவலாற் பிறக்கின்றது என்பன அதிலே குறிக்கப்படும். மேக் இரண்டன் நேரங்களையும் ஒப்புநோக்கும். மூலம் பிந்தியதாயின் விளைபொருளை மீண்டும் ஆக்கும். அன்றேல் தொடாது விடும். ஆயிரம் கோப்புகளில் ஒன்று மாறின், அதனைச் சார்ந்தவை மட்டுமே புதுக்கப்படும். நினைவாற்றலை நம்பியிருந்த வேலை ஏட்டிற்கு மாறியது.

இவ்வேட்டில் ஒரு விசித்திரமும் உண்டு. ஏவல் வரி ஒவ்வொன்றும் ‘டாப்’ விசையால் இடப்படும் இடைவெளியுடனே தொடங்கல் வேண்டும். சாதாரண வெற்றிடங்களை இட்டால், கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. மேக்கோ ‘பிரிகுறி காணவில்லை’ என்று நின்றுவிடும். ‘லெக்ஸ்’ என்னும் புதுக் கருவியோடு மல்லாடிய பெல்ட்மன், எளிதாக முடிந்ததைச் செய்துவைத்ததன் விளைவு இது. மாற்றியிருக்கலாமே எனின், சில வாரங்களுள் ஏறக்குறைய பன்னிரண்டு பேர் மேக்கைக் கையாளத் தொடங்கிவிட்டனர். பெரும்பாலும் நண்பர்கள்; அவர்களுடைய வேலையைக் குலைக்க அவர் விரும்பவில்லை. பன்னிருவருக்காகக் காட்டிய தாட்சண்யம் அரை நூற்றாண்டாக உலகெங்கும் நிரலாளரை இடறுகின்றது! எனினும் கருவியின் பெருமை குன்றவில்லை. கணிப்பொறிச் சங்கமாகிய ஏ.சி.எம். 2003ஆம் ஆண்டுக்குரிய மென்பொருள் முறைமை விருதினைப் பெல்ட்மனுக்கு அளித்தது.

காலப்போக்கில் மேக்கிற்கு அதன் இயல்புக்குப் புறம்பான வேலையும் வந்து சேர்ந்தது. நிரலைச் சோதித்தல், குப்பைக் கோப்புகளை அகற்றல், பிறிதொரு கணினிக்கு அனுப்புதல் முதலியன எப்பொருளையும் ஆக்குவன அல்ல. ஆயினும் மக்கள் அவற்றையும் அவ்வேட்டிலேயே எழுதினர். ‘டெஸ்ட்’ என்னும் ஏவல் ஏட்டில் இருக்க, அதே பெயரில் ஒரு கோப்புறையும் இருந்தால் வருவது வேடிக்கை. அப்பொருள் ஏற்கெனவே புதிதாயுள்ளது எனக் கூறி மேக் வாளாவிருக்கும், சோதனை நடைபெறாது. அப்பெயர் பொருளன்று, வெறும் ஏவலே என ‘போனி’ என்னும் சொல்லால் முன்கூட்டி அறிவித்தாலன்றி இவ்விடர் நீங்காது.

இதனாலேயே ஏவல்களைத் தொகுத்து நடத்துவதற்கென்று மட்டும் தனிக் கருவிகள் எழுந்தன. 2016ஆம் ஆண்டில் தோன்றிய ‘ஜஸ்ட்’ அவற்றுள் ஒன்று. அதன் ஏடு மேக்கின் ஏட்டைப் பெரிதும் ஒத்தது. ஆயின் டாப் கட்டாயமன்று. கோப்புறைப் பெயரோடு பிணக்கும் இல்லை. திட்டத்தின் எந்த உட்கோப்புறையிலிருந்து அழைத்தாலும் மேலேறிச் சென்று ஏட்டைக் கண்டுகொள்ளும். நேரத்தை ஒப்புநோக்கும் வேலையை அது மேற்கொள்வதில்லை. ஆதலின் மேக்கை அது நீக்கிவிட்டது எனல் பொருந்தாது. பெரிய நிரலைப் பகுதிபகுதியாக ஆக்குவோர்க்கு மேக் போன்றதொன்று இன்றும் வேண்டும்.

பலர் கூடிச் செய்யும் பணியிலேயே இத்தகைய ஏட்டின் அருமை தெரியவரும். வெளியீட்டு முறையை அறிந்தவர் ஒருவரேயாகி, அவரும் வேலையை விட்டு நீங்கினால், எஞ்சியோர் பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் துழாவிக்கொண்டிருப்பர். ஜஸ்டின் ஏட்டில் ஏவலுக்கு மேலே ஒரு வரி விளக்கம் எழுதிவைத்தால், பட்டியலைக் கேட்டவுடன் ஏவலின் பெயரும் விளக்கமும் திரையிலே தோன்றும். முதல்நாள் வேலைக்கு வந்தவர் எவரையும் வினவாது சோதனையை நடத்திப் பார்க்கலாம்.