கூட்டு உழைப்புக்கு உரிய மதிப்பு



சுற்றுச் சூழல் பற்றிய வினாக்கள் எந்த ஒரு துறையின் எல்லைக்குள்ளும் அடங்குவதில்லை. ஆயினும், விஞ்ஞானிகளுக்கான பரிசுகளும் பதவி உயர்வு விதிகளும் பெரும்பாலும் தனி மனிதரையும் தனித் துறையையும் கருதியே அமைந்துள்ளன. இந்த முரண்பாட்டை ஆராய விழிஞ்ஞம் பொருத்தமான இடமாகும்.

1980-களில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் கடல் அலையிலிருந்து மின்சாரம் பெறும் ஆய்வை மேற்கொண்டனர். மத்திய அரசின் கடல் மேம்பாட்டுத் துறை நிதி உதவியது. அதன் பயனாக 1991-ல் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரருகே 150 கிலோவாட் திறனுள்ள நிலையம் இயங்கத் தொடங்கியது.

அதன் இயக்கம் எளியது. கடலில் நிறுத்திய காங்கிரீட் அறைக்குள் அலை ஏறும்போது காற்று மேலே தள்ளப்படுகிறது. அலை இறங்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. காற்று எத்திசையில் பாய்ந்தாலும் ஒரே பக்கமாகச் சுழலும் ‘வெல்ஸ்’ சுழலி மின்னாக்கியை இயக்குகிறது.

ஆனால் இதனை அமைப்பது எளிதன்று. அலையின் இயல்பைக் கடலியலார் கூறவேண்டும். பருவக் காற்றின் சீற்றத்தைத் தாங்கும் அறையைக் கட்டடப் பொறியாளர் அமைக்கவேண்டும். சுழலி இயந்திரப் பொறியாளரின் பொறுப்பு. அலைக்கு அலை மாறும் மின்சாரத்தைச் சீராக்குவது மின் பொறியாளரின் கடமை. பின்னர் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அலையாற்றலால் கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனையை இங்கு நடத்தியபோது, நீர் சுத்திகரிப்பு வல்லுநரும் தேவைப்பட்டனர். நிலையம் இன்று இயங்கவில்லை. எனினும் இவர்களுள் ஒருவர் இல்லாதிருந்தாலும் அது எழுந்திராது என்பதை நாம் மறத்தலாகாது.

இன்று விழிஞ்ஞத்தின் முன்னுள்ள வினா இதனினும் பெரிது. 2025 மே மாதம் இங்கு பெருந்துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கரை அரிப்பு குறித்து மீனவர் கவலை தெரிவித்து வருகின்றனர். மணல் நகர்வை அளப்பவர், மீன்வளத்தை ஆய்பவர், மீனவர் வாழ்க்கையை அறிந்தவர் ஆகியோர் ஒன்றுகூடினாலன்றி இதற்கு முழுமையான விடை கிடையாது. ஆனால் இத்தகைய பணியில் பல ஆண்டுகள் செலவிடும் இளம் ஆய்வாளர், தம் துறை இதழ்களில் கட்டுரைகள் குறைந்தமையால் பதவி உயர்வில் பின்தங்குவாராயின், அடுத்தவர் இப்பணிக்கு முன்வருவாரா? இழப்பு அவருக்கு மட்டுமன்று; கடற்கரைக்கும்தான்.

நல்ல மாற்றங்கள் தொடங்கியுள்ளன. 2024-ல் முதன்முறையாக வழங்கப்பட்ட தேசிய அறிவியல் விருதுகளுள் குழுவுக்கென்றே ஒரு விருது உண்டு. அதனைச் சந்திரயான்-3 குழு பெற்றது. அத்தகைய உயரிய விருது சிலருக்கே கிட்டும். அன்றாட நிர்வாகத்தில் செய்யத்தக்கவை மூன்று:

முதலாவது, ஒவ்வோர் ஆய்வறிக்கையிலும் யார் எப்பணியைச் செய்தார் என்று குறிப்பிடுதல். இரண்டாவது, பதவி உயர்வுக் குழுவில் பிற துறை வல்லுநர் ஒருவரையேனும் சேர்த்தல். மூன்றாவது, நெடுங்கால அளவீடுகள், கருவிப் பராமரிப்பு ஆகியவற்றையும் ஆய்வுப் பணியாகவே மதித்தல். கடலின் போக்கை அனுபவத்தால் அறிந்து வழிகாட்டும் மீனவரின் பங்கும் அறிக்கையில் இடம்பெறவேண்டும்.

இவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை. விதிகளில் சிறு திருத்தமும் அதிகாரிகளின் மன உறுதியும் போதும். கூடி உழைக்குமாறு விஞ்ஞானிகளை வேண்டும் நாம், அவ்வுழைப்பை அளக்கும் கோலையும் மாற்றியமைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.