சிறையில் கற்ற தொழில்



சிறைச்சாலை என்றவுடன் நம்மவர் மனத்தில் எழுவது உயர்ந்த மதிலும் இரும்புக் கதவுமே. அந்த மதிலுக்குள் காலை முதல் மாலை வரை என்ன நடக்கிறது என்று கேட்பவர் குறைவு. அங்கே தச்சுப் பட்டறை உண்டு, தையல் உண்டு. ரொட்டி சுடுகிறார்கள், துணி வெளுக்கிறார்கள், பிரம்பு நாற்காலி பின்னுகிறார்கள். சில சிறைகளில் எஸ்.பி.எம். தேர்வுக்கு வகுப்பு வைத்துப் பாடமும் நடத்துகிறார்கள். இதைக் கேள்விப்பட்ட தோட்டத்துப் பெரியவர் ஒருவர், "தப்புச் செஞ்சவனுக்குச் சோறும் போட்டுத் தொழிலும் கத்துக் கொடுக்கிறதா? இங்கே ஒழுங்கா இருக்கிற பையனுக்கு யாரு சார் கத்துக் கொடுக்கிறா?" என்று எங்களைக் கேட்டார்.

அவருடைய கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்றை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. சிறைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு நாள் திரும்பி வருகிறார்கள். நம்முடைய லயத்துக்கே, நம் பக்கத்து வீட்டுக்கே வருகிறார்கள். வருகிறவன் எப்படிப்பட்டவனாய் வருகிறான் என்பது அவனுடைய குடும்பத்துக் கவலை மட்டுமன்று.

கைதிக்குத் தொழில் கற்பிப்பது இந்த வட்டாரத்தில் புதிய ஏற்பாடும் அன்று. 1825-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சுமத்ராவின் பெங்கூலனிலிருந்து ஏறக்குறைய 200 இந்தியக் கைதிகளைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். முதலில் வந்தவர்கள் சென்னை மாகாணத்தார்; பின்னால் வந்தவர்கள் வங்காளத்தார். அன்றிலிருந்து 1873-இல் அந்த ஏற்பாடு முற்றும் முடியும் வரை, நாடு கடத்தப்பட்ட இந்தியக் கைதிகளின் உழைப்பால்தான் சிங்கப்பூரின் சாலைகளும் பாலங்களும் எழுந்தன. 1862-இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் வெண்சுவர் அவர்கள் கைபட்டதே. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக் கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசும் அந்தச் சென்னைச் சாந்து வேலை நம்மவர் கைப்பழக்கம். இன்று இஸ்தானா என்று வழங்கும் ஆளுநர் மாளிகையும் அவர்கள் கட்டியதுதான்.

அந்தக் கைதிகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். புதிதாக வந்தவன் விலங்கோடு கடுமையான வேலை செய்ய வேண்டும். நடத்தை நன்றாக இருந்தால் விலங்கு கழலும். கல் உடைப்பு, செங்கல் அறுப்பு, தச்சு, கொல்லு, நெசவு என்று ஏதாவதொரு தொழிலில் பழக்குவார்கள். அச்சுக் கோப்பதுகூட உண்டு. மேலும் சில ஆண்டுகள் சென்றால் அவனே மற்றக் கைதிகளுக்குக் காவலனாவான். உச்சியில் அனுமதிச் சீட்டு. அதைப் பெற்றவன் ஊருக்குள் குடியிருந்து சொந்தமாய்ச் சம்பாதிக்கலாம். அவர்களை மேற்பார்த்த மெக்நேர் என்னும் அதிகாரி, கைதிகளே தங்களுக்குக் காவலர் என்று பொருள்படத் தலைப்பிட்டு 1899-இல் ஒரு நூலே எழுதினார்.

அதைப் பொற்காலம் என்று சொல்ல நாம் வரவில்லை. தாய் தந்தை முகம் காணாமல், கடல் கடந்து மாண்டவர்கள் எத்தனையோ பேர். ஆயினும் அந்த ஏற்பாட்டில் ஒரு கைதி தன் நிலையைத் தானே அறிந்திருந்தான். இன்று ஐந்தாம் வகுப்பு, நாளை நான்காம் வகுப்பு, முடிவில் சீட்டு. ஏணியின் அடுத்த படி அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்தப் படி தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சிங்கப்பூரிலேயே சான்று உண்டு. சிங்கப்பூருக்குத் தெற்கே புலாவ் செனாங் என்று ஒரு சிறு தீவு, சுமார் 200 ஏக்கர். இரகசியக் கும்பல்களைச் சேர்ந்தவர்கள் என்று விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவர்களை 1960-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே கொண்டு சென்றார்கள். முதலில் போனவர்கள் 50 பேர். மதில் இல்லை, கம்பி இல்லை. காவலர் கையில் துப்பாக்கியும் இல்லை. தீவின் மேலதிகாரி டேனியல் டட்டன் என்பவர், கடினமான உழைப்பே மனிதனைத் திருத்தும் என்று உறுதியாய் நம்பியவர். காடாய்க் கிடந்த தீவில் மூன்றே ஆண்டுகளில் சாலையும் விடுதிகளும் பட்டறைகளும் எழுந்தன. பார்க்க வந்தவர்கள் வியந்து பாராட்டினார்கள்.

1963-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தச்சு வேலை செய்தவர்களில் 13 பேர், படகுத்துறையில் கூடுதல் நேரம் வேலை செய்ய மறுத்தார்கள். அவர்களைச் சாங்கிச் சிறைக்குத் திருப்பி அனுப்பினார் டட்டன். ஜூலை 12-ஆம் நாள் கலகம் வெடித்தது. வேலைக்கென்று கொடுத்த பாராங் கத்தியும் சங்கோலும் கோடரியும் ஆயுதங்களாயின. டட்டனும் அவருடைய உதவியாளர் சிலரும் கொல்லப்பட்டார்கள். மூன்றாண்டு பாடுபட்டுக் கட்டியவை ஒரு மணி நேரத்துக்குள் எரிந்து போயின. கட்டிய கைகளே கொளுத்தின. வழக்கு நடந்து, 1965-ஆம் ஆண்டு அக்டோபரில் 18 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

வேலை கொடுத்தது தவறு என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா? நாங்கள் அப்படிக் கருதவில்லை. அந்தத் தீவில் இருந்தவர்களுக்கு நீதிமன்றம் இத்தனை ஆண்டு என்று கணக்கிட்டுத் தண்டனை விதிக்கவில்லை. என்று விடுதலை என்பது மேலிடத்தின் மனத்தைப் பொறுத்தது. நாள் எண்ண முடியாதவனிடம் மண்வெட்டியைக் கொடுத்து, இது உன்னைத் திருத்தும் என்றால் அவன் எப்படி நம்புவான்? உழைப்பு திருத்தும் என்பது பாதி உண்மை. மற்றப் பாதி, அந்த உழைப்பு தன்னை எங்கே கொண்டு சேர்க்கும் என்று உழைப்பவனுக்குத் தெரிய வேண்டும்.

சிங்கப்பூர் அரசு 1976-இல் சிறைத் தொழில்களுக்கென்று தனியாக ஒரு கழகத்தை அமைத்தது. ஸ்கோர் என்று வழங்கிய அந்தக் கழகம், 2020 முதல் மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூர் என்னும் பெயரில் இயங்குகிறது. மருத்துவமனைத் துணிகளை வெளுத்துக் கொடுப்பதும் ரொட்டி சுடுவதும் அதன் வேலைகளில் அடங்கும். சிறைக்குள் பழக்குவதோடு நில்லாமல் வெளியே வேலை கொடுக்கும் முதலாளிகளைத் தேடிப் பிடிப்பதையும் அது தன் பொறுப்பாகக் கொண்டது. இது நல்ல ஏற்பாடு. வெளியே கடையே இல்லாத ஒரு தொழிலை உள்ளே பத்தாண்டு பழக்கினால் அது பொழுதுபோக்கே தவிர வேறில்லை. பிரம்பு பின்னுவது அழகான கலை, ஐயமில்லை. ஆனால் இன்று பிரம்பு பின்னிக் குடும்பம் நடத்துகிறவர் நம் பட்டணத்தில் எத்தனை பேர்? குளிர்சாதனம் பழுது பார்ப்பதும் இரும்பு ஒட்டுவதும் கற்றுச் சான்றிதழோடு வந்தவனுக்குக் கதவு சற்றே திறக்கும்.

கல்வியைப் பற்றிச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. மலாக்காவில் தெலுக் மாஸ் என்னுமிடத்தில் ஹென்றி கர்னி பள்ளி இருக்கிறது. 1951-இல் ஃபிரேசர் மலைப் பாதையில் சுட்டுக் கொல்லப்பட்ட ஆங்கிலேய ஆணையரின் பெயரைத் தாங்கிய பள்ளி அது. குற்றம் செய்த இளைஞரைப் பெரிய கைதிகளோடு சேர்க்காமல், தனியே வைத்துப் படிப்பும் தொழிலும் கற்பிக்கும் இங்கிலாந்தின் போர்ஸ்டல் முறையைத் தழுவியது. சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டு காக்கி புக்கிட்டில் சிறைப் பள்ளி ஒன்றைத் திறந்தார்கள். 2011-இல் அது தானா மேராவுக்கு மாறியது. கல்வி அமைச்சின் ஆசிரியர்களே அங்கே போய்ப் பாடம் நடத்துகிறார்கள். அமெரிக்காவில் ராண்ட் என்னும் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2013-இல் ஒரு முடிவைச் சொன்னது. சிறையில் படித்தவர்கள் மீண்டும் சிறைக்கு வரும் விகிதம், படிக்காதவர்களைவிட 100-க்கு 13 குறைவு என்பதே அது.

வகுப்பறையில் நாம் காண்பது இதைவிடச் சிறியது, ஆனால் தெளிவானது. படிப்பை வெறுத்து ஓடிய பிள்ளை பெரும்பாலும் எழுத்துக் கூட்டத் தெரியாமல், அந்த வெட்கத்தை மறைக்கவே முரடனானவன். இருபது வயதில் அவன் கையில் முதலாம் ஆண்டுப் பாடநூலைக் கொடுத்து 'அ - அம்மா' என்று தொடங்கினால் மறுபடியும் ஓடுவான். அவனுடைய பெயரையும் ஊரையும் எழுதக் கற்றுக் கொடுத்து, அங்கிருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் எழுத வைக்க வேண்டும். எங்கள் தோட்டத்துத் தாய் ஒருத்தி மகனிடமிருந்து வந்த கடிதத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்தாள். நான்கே வரி, அதிலும் பிழைகள். "இவனே எழுதுனதா சார்? வேற யாரும் எழுதிக் கொடுக்கலையே?" என்று மூன்று முறை கேட்டாள். கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவனே எழுதியதுதான்.

இனி மருந்தைப் பற்றி. நம் சிறைகளில் போதைப்பொருளால் உள்ளே போனவர்கள் மிகுதி. பழக்கத்தைக் கெட்ட குணம் என்று மட்டும் கருதிய காலத்தில் ஒரேயடியாக நிறுத்திவிட்டு, துடித்துத் தீரட்டும் என்று விட்டுவிடுவார்கள். உடம்பு தேறும், மூளையின் நாட்டம் தேறாது. ஹெரோயின் பழக்கம் உள்ளவர்களுக்கு மெத்தடோன் என்னும் மருந்தை நாள்தோறும் அளவாகக் கொடுக்கும் முறையைக் கிளந்தானில் பெங்காலான் செப்பா சிறையில் 2008-இல் தொடங்கினார்கள். பிறகு காஜாங்கிலும் வந்தது. விடுதலையாகும்போது போதிய அளவு மருந்து, அதாவது நாளொன்றுக்கு 80 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்று வந்தவர்களே வெளியேயும் சிகிச்சையை அதிகமாய்த் தொடர்ந்தார்கள் என்று இங்கே நடந்த ஆய்வில் தெரிய வந்தது. ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று கேட்பவர் உண்டு. இனிப்புநீர் நோயாளி தினமும் ஊசி போட்டுக்கொள்வதை நாம் அப்படிச் சொல்வதில்லை.

பெற்றோர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கணக்கின்படி, முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைப் போல் 12 மடங்குக்கும் மேல். போதைப்பொருள் மிகுந்து போவதே முதற் காரணம். சிறையில் இருந்த நாளில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. வந்தவன் பழைய நண்பனைப் பார்க்கிறான், பழைய அளவையே எடுக்கிறான், அதோடு முடிந்துவிடுகிறது. ஆகவே மகன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று நாம் பெருமூச்சு விடும் அந்தப் பதினைந்து நாள்தான் மிகவும் கவனிக்க வேண்டிய நாள்.

சிங்கப்பூரில் 1998-இல் விடுதலையானவர்களில் 100-க்கு 44 பேர் இரண்டாண்டுக்குள் மீண்டும் குற்றம் செய்து திரும்பினார்கள். 2019-இல் விடுதலையானவர்களில் அது 20-ஆகக் குறைந்தது. இது பாராட்டுக்குரியது. ஆனால் ஐந்தாண்டுக் கணக்கு எடுத்தால் ஏறத்தாழ 40 பேர் திரும்பிவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சிறைக்குள் கற்ற தொழில் இரண்டாண்டு தாக்குப் பிடிக்கிறது. அதற்குப் பின் யாருடைய துணை என்பதே கேள்வி.

நம் மலேசியாவில் 2008-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் பரோல் முறை நடைமுறைக்கு வந்தது. தண்டனையில் பாதியைக் கழித்தவர்களில் தகுதியுடையவர்கள், மீதியை ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் வெளியே கழிக்கலாம். வாரியம் முடிவு செய்யுமுன், இவன் வந்தால் தங்க இடம் உண்டா, ஏற்றுக்கொள்ள ஆள் உண்டா என்று அறிய அதிகாரி வீட்டுக்கே வருவார். சீருடைக்காரர் லயத்துக்குள் நுழைந்தால் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பார்கள் என்னும் வெட்கத்தால், "அவனைப் பத்தி எங்களுக்கு ஒன்னும் தெரியாது" என்று சொல்லி அனுப்பிவிடுகிற வீடுகள் உண்டு. அந்த ஒரு சொல்லும் அதிகாரியின் அறிக்கையில் ஏறும். அவர் வரும் நாளில் என்ன சொல்வது என்பதை வீட்டார் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளலாம். துணைக்கு ஒருவர் வேண்டுமென்றால் பக்கத்துப் பள்ளி ஆசிரியரைக் கூப்பிடுங்கள். அதிகாரி நீட்டும் தாளை வாசித்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விளக்கிச் சொல்ல எங்களில் ஒருவர் கட்டாயம் வருவோம்.