தாழிக்குள் சின்னக் கலயம்



ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1876இல் ஜாகோர் தோண்டினார்; 1899 முதல் அலெக்சாண்டர் ரீ. தாழிக்குள்ளே எலும்போடு சின்னச் சின்னக் கலயங்கள், கிண்ணங்கள், உமி. பக்கத்துச் சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள்.

செத்தவனுக்கும் பசிக்கும்னு நெனச்சிருக்காங்க. அவனுக்குன்னு ஒரு கலயம்.

அன்று ஏற்றத்தாழ்வே இல்லையென்று கதைகட்ட நான் வரவில்லை. சில தாழிகளில் தங்கப்பட்டமும் இருந்தது. ஆனாலும் மண்கலயம் ஒருத்தனைத் தள்ளிவைக்க வைத்ததல்ல, வழியனுப்ப வைத்தது.

நம்ம கதை என்ன? உயிரோட இருக்கிறவனுக்குச் சில ஊர்ல இன்னும் தனிக் கிளாஸ். செத்தா பொணம் போகப் பாதை கெடையாது. ஊர்ப் பொணத்துக்குக் குழிவெட்ட மட்டும் நம்ம கை வேணும்.

பழம்பெருமை பேசுகிறவர்களைக் கேளுங்கள்: மூவாயிரம் வருசத்துக் கலயத்துக்குக் கண்ணாடிப் பெட்டி; எங்களுக்கு எப்போ பொதுக் கிளாஸ், பொதுச் சுடுகாடு?