கம்பியில் எழுந்த நகரம்



நகரம் என்றால் வீதியும் சந்தையும் நம் நினைவுக்கு வரும். இன்று நான் சொல்லப் புகும் நகரத்துக்கு மண்ணும் இல்லை, செங்கல்லும் இல்லை. 1994-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15-ஆம் நாள் அது பிறந்தது, 2001-இல் மறைந்தது. ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் மாநகரத்தார் தொலைபேசிக் கம்பியின் வழியாகக் கணிப்பொறிக்குள்ளே எழுப்பிய நகரம் அது. 'டிஜிட்டல் நகரம்' என்றே அதற்குப் பெயரிட்டார்கள்.

இந்த எண்ணத்துக்கு வித்து அமெரிக்காவில் விழுந்தது. கிளீவ்லாந்து நகரில் டாம் கிரண்ட்னர் என்ற பேராசிரியர் 1984-இல் ஒரு சோதனை செய்தார். பொதுமக்கள் தொலைபேசி வழியே ஒரு கணிப்பொறியை அழைத்துத் தம் மருத்துவ ஐயங்களை அதில் எழுதி வைக்கலாம். ஒரு நாளுக்குள் மருத்துவர் விடை எழுதுவார். இதற்குக் கிடைத்த வரவேற்பே 1986-இல் 'இலவச வலை' என்னும் பெரிய அமைப்பாக வளர்ந்தது. அதன் பகுதிகளுக்கு அஞ்சல் நிலையம், பொதுச் சதுக்கம், நீதிமன்றம் என்று பெயர் வைத்தார்கள். புதிய கருவியைக் கண்டு மருளும் மக்களுக்குப் பழகிய ஊரையே காட்டி வழி சொன்ன அந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆம்ஸ்டர்டாமில் இதைச் செய்யக் கைகோத்தவர்களைப் பாருங்கள். ஒரு பக்கம், நாடகமும் அரசியல் விவாதமும் நடத்தி வந்த 'டெ பாலி' என்னும் கலைமன்றம். மற்றொரு பக்கம், கணிப்பொறிகளின் பூட்டைத் திறந்து பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட 'ஹாக்டிக்' இளைஞர் குழு. இவர்கள் இருவருக்கும் பணம் கொடுத்தது நகராட்சி! பூட்டைத் திறப்பவர்களிடமே ஊர்க்கதவை ஒப்படைத்த துணிவை வேறு நகராட்சிகளிடம் எளிதில் காண முடியாது. அவ்வாண்டு மார்ச் மாதம் நகர்மன்றத் தேர்தல். வாக்காளரும் வேட்பாளரும் கணிப்பொறி வழியே உரையாட வேண்டும் என்பது நோக்கம். பத்து வாரம் நடத்திப் பார்ப்போம் என்றுதான் தொடங்கினார்கள்.

அந்நாளில் இணையம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரின் உடைமையாக இருந்தது. வீட்டில் இருப்பவர் அதனுள் நுழைய மோடம் என்ற சிறு பெட்டி வேண்டும். கணிப்பொறியின் குறிகளை ஒலியாக்கித் தொலைபேசியில் அனுப்புவது அதன் வேலை. அப்பெட்டியும் இல்லாதவர்களுக்காக நூலகம் முதலிய பொது இடங்களில் கணிப்பொறிகளை வைத்தார்கள். டிஜிட்டல் நகரத்தின் கதவு திறந்ததும் ஆயிரக்கணக்கானோர் குடியேறினர். தொலைபேசி இணைப்புகள் ஓயாமல் நிரம்பி வழிந்தன. பத்து வாரம் முடிந்தது, நகரம் முடியவில்லை. அதன் முதல் 'மேயர்' மார்லீன் ஸ்டிக்கர் என்னும் பெண்மணி.

தேர்தல் உரையாடல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அரசியல்வாதிகள் அதிகம் வரவில்லை. வந்தவர்களும் நெடுநாள் தங்கவில்லை. ஆனால் குடிமக்கள் தமக்குள்ளே பேசிக்கொள்ளத் தொடங்கிவிட்டனர். பின்னர் படங்களோடு கூடிய புது அமைப்பு வந்தது. பொருளுக்கு ஒன்றாகச் சதுக்கங்கள். சதுக்கங்களை ஒட்டி வீடுகள். வீடு என்பது ஒருவர் தாமே எழுதி அலங்கரிக்கும் பக்கம். நெடுநாள் கேட்பாரற்றுக் கிடந்த வீட்டில் வேறொருவர் புகுந்து குடியேறவும் விதி இடம் தந்தது. இது விளையாட்டாகத் தோன்றலாம். 1970-களிலும் 1980-களிலும் குடியிருக்க இடமின்றித் தவித்த ஆம்ஸ்டர்டாம் இளைஞர், பூட்டிக் கிடந்த வீடுகளுக்குள் புகுந்து காவலரோடு மல்லுக்கு நின்ற வரலாறு அவ்விதிக்குள் இருக்கிறது. பிற நாட்டிலிருந்து எண்ணம் வரலாம். ஊரின் குணம் அந்த ஊரிலிருந்துதானே வரவேண்டும்?

குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்நகரில் குடியேறியவருள் மிகப் பலர் படித்த இளம் ஆடவர். பெண்களும் முதியோரும் குறைவு. நூலகத்தில் கணிப்பொறியை வைத்ததோடு கதவு எல்லாருக்கும் திறந்துவிட்டது என்று எண்ணினார்கள் போலும். திறந்த கதவுக்கு முன்னால், தட்டச்சு அறியாமல், யாரைக் கேட்பது என்றும் தெரியாமல் தயங்கி நிற்பவரை, அருகில் அமர்ந்து அழைத்துச் செல்ல ஓர் ஆள் வேண்டும். இயந்திரத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது அந்த ஆளுக்குச் செலவிடாத திட்டத்தை நான் அரைத் திட்டம் என்பேன்.

வீழ்ச்சி வேறு வழியில் வந்தது. தொடக்கக் காலத்து அரசுப் பணம் நிலைக்கவில்லை. நகரம் தன் பிழைப்பைத் தானே தேட வேண்டியதாயிற்று. விளம்பரமும் வணிகமும் நுழைந்தன. 1990-களின் இறுதியில் இணையத்தைத் தனியார் நிறுவனங்களே இலவசமாகத் தரத் தொடங்கியபோது போட்டியில் நிற்க முடியவில்லை. நகரத்தைத் தனியார் நிறுவனமாக மாற்றினார்கள். குடிகள் வாடிக்கையாளர் ஆயினர். 'இது எங்கள் ஊர்' என்று சிலர் சங்கம் அமைத்துப் பொதுவிடத்தை மீட்க முயன்றனர். ஆனால் ஏழாண்டு குடியிருந்தவர் கையில் பட்டா ஏதும் இல்லை! ஊர் என்று அழைத்தார்களே தவிர, ஊராருக்கு வாக்குரிமை தர எவரும் நினைக்கவில்லை. இன்று எந்த மாநகரம் தன் மக்களை மின்னணு வழிக்கு வரவேற்றாலும், அங்கே முடிவெடுப்பவர் யார் என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன்.

மறைந்த நகரத்துக்கு ஒரு பின்கதை உண்டு. 1996-இல், அதன் இரண்டாம் ஆண்டு நிறைவின்போது, நகரம் முழுவதையும் நாடாக்களில் பதிந்து வைத்திருந்தனர். 2011-இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகம் அதை மீட்கும் பணியில் இறங்கியது. ஸ்டிக்கர் அம்மையாரின் 'வாக்' என்னும் நிறுவனமும் துணை நின்றது. புதையுண்ட நகரங்களைத் தோண்டுவோர் மண்வெட்டியோடு செல்வர். இவர்களோ பழைய குடிகளுக்கு அழைப்பு விடுத்தார்கள்: பரணில் கிடக்கும் கணிப்பொறியையும் நாடாவையும் கொண்டுவாருங்கள் என்று. விழா ஒன்று கூட்டினார்கள். பட்டா இல்லாத அந்தக் குடிகள் தம் பழைய பொருள்களைச் சுமந்துகொண்டு வந்தார்கள்.