ரிட்டயர் ஆகட்டும் என்று காத்திராதீர்கள்



1956-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாகி, மறு ஆண்டு பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்த நாள் முதல் இந்த ஊருக்கென்று ஒரு காலக்கணக்கு உண்டு. வேலையில் சேர்ந்தால் குவார்ட்டர்ஸ். அறுபது முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வானப்பிரஸ்தத்தை ஆபீஸ் ஆர்டராகக் கையில் கொடுக்கும் ஊர் இது! அதனாலோ என்னவோ, காசியும் ராமேஸ்வரமும் இங்கே பல வீடுகளில் 'ரிட்டயர் ஆன பிறகு' என்ற பட்டியலில் ஏறிவிடுகின்றன. முதலில் சம்சாரம், கடைசியில் யாத்திரை, சாஸ்திரமே அப்படித்தானே சொல்கிறது என்று கேட்கிறார்கள். சாஸ்திரத்திலும் அப்படி இல்லை, தமிழ் மரபில் அதற்கு இடமே இல்லை என்பதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்கும் வழக்கு.

நான்கு ஆசிரமங்களைப் படிக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவர் மனு. தலை நரைத்து, தோல் சுருங்கி, பேரப்பிள்ளையையும் பார்த்துவிட்டால் காட்டுக்குப் போ என்கிறார். கவனியுங்கள், காட்டுக்குத்தான் போகச் சொல்கிறார்; கோயில் கோயிலாகச் சுற்றச் சொல்லவில்லை. அவருக்கும் முந்திய தர்மசூத்திரங்களில், ஆபஸ்தம்பர், கௌதமர் போன்றவர்களிடம், இந்த நான்கும் வயது வரிசையாக இல்லை. படிப்பை முடித்த இளைஞன் முன்னால் இருக்கும் நான்கு வழிகளாகவே இருக்கின்றன. அதன் சாயல் பிராமணர் வீட்டுக் கல்யாணங்களில் இன்றும் தெரிகிறது. மாப்பிள்ளை குடையும் தடியுமாகக் காசிக்குக் கிளம்புவார். பெண்ணின் தகப்பனார் வழிமறித்து, என் பெண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று திருப்பி அழைத்து வருவார். இருபத்தைந்து வயதுப் பையனுக்குக் காசி இருக்கிறது என்று அந்தச் சடங்கு ஒப்புக்கொள்கிறது. மகாபாரதத்தை எடுத்தாலும் அதுதான். வனவாசத்தில் தீர்த்த யாத்திரை போன பாண்டவர்கள் கிழவர்கள் அல்லர். குருட்சேத்திரப் போர் அவர்களுக்கு இனிமேல்தான் வரவிருந்தது. பெரும் பொருள் செலவிட்டு வேள்வி செய்ய முடியாத ஏழைக்கும் தீர்த்த யாத்திரை கைகூடும் என்று அங்கே சொல்லப்படுகிறது. வயதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

நம் பக்கத்துச் சான்று இன்னும் பலமானது. அதைத் தேடி வெளியூர் போக வேண்டியதும் இல்லை. தேவார மூவரில் இருவர் இந்தச் சுற்றுவட்டாரத்துக்காரர்கள். அப்பர் பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவாமூர். சுந்தரர் உளுந்தூர்பேட்டைப் பக்கத்துத் திருநாவலூர். சீர்காழியிலிருந்து வந்த சம்பந்தரோ குழந்தை. தகப்பனார் தோளில் ஏறித் தலம் தலமாகப் போன பிள்ளை, பிறகு கால் நோக நடக்கத் தொடங்கியபோது, பெண்ணாடத்தை அடுத்த திருவட்டத்துறையில் இறைவன் முத்துச் சிவிகை கொடுத்தான் என்கிறது பெரியபுராணம். பதினாறு வயதில் அவர் வாழ்வே நிறைந்துவிட்டது. அப்பரோ எண்பத்தொரு வயது வரை நடந்தவர். ஒரே பாதையில் ஒரு சிறுவனையும் ஒரு முதியவரையும் சேர்த்து நடக்கவிட்ட மரபு இது. அதில் எந்த வயதுக்காக நாம் காத்திருக்கிறோம்?

குடும்பம் நடத்துகிறவனுக்கு யாத்திரை கட்டுப்படியாகுமா என்ற கேள்வி நியாயமானதுதான். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், பெண்ணுக்குக் கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் இருக்கின்றன. இதற்குப் பதில் சுந்தரரிடம் இருக்கிறது. இரண்டு பெண்களை மணந்து குடும்பம் நடத்தியவர் அவர். திருவாரூரில் பங்குனி உத்திரச் செலவுக்கு மனைவி பரவையாருக்குப் பொன் வேண்டியிருந்ததையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் தலங்களுக்குப் போனார். நம் விருத்தாசலத்தில் கிடைத்த பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது கதை. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று இன்று கேலியாகச் சொல்கிறோம். அவர் தேடி எடுத்தார். வீட்டுக் கவலையை வீட்டிலேயே இறக்கிவைத்துவிட்டு வா என்று எந்தத் தலமும் அவரிடம் கேட்கவில்லை. செட்டிநாட்டு நகரத்தார் வியாபாரமும் குடும்பமுமாக இருந்துகொண்டேதான் ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடியோடு நடக்கிறார்கள்.

இந்த ஊரில் பகுத்தறிவாளர்களும் உண்டு. ஆற்றில் முழுகினால் பாவம் போகுமா என்று அவர்கள் கேட்பார்கள். அப்பரே அதைக் கேட்டிருக்கிறார். எங்கும் ஈசனை நினையாதவனுக்குக் கங்கையும் காவிரியும் என்ன செய்யும் என்று ஒரு பதிகமே பாடினார். பாடிவிட்டு வீட்டில் உட்காரவில்லை, நடந்துகொண்டுதான் இருந்தார். முழுக்குப் பாவத்தைக் கழுவுகிறது என்று வாதாட நான் வரவில்லை. வடலூரில் வள்ளலார் 1867-இல் ஏற்றிய தருமச்சாலை அடுப்பில் இன்றும் சோறு பொங்குகிறது. சாமி கும்பிடாதவரும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து எழுந்துவரலாம், அதுவும் யாத்திரைதான் என்பது என் கட்சி.

எனக்கே கடினமாகத் தோன்றும் ஆட்சேபம் வேறு. போவது வருவதெல்லாம் லீவும் காசும் உள்ளவர்களின் பேச்சு. வேலைக்குப் போனால்தான் கூலி என்றிருப்பவர் என்ன செய்வார்? திருநாளைப்போவார் என்று பெயர் பெற்ற நந்தனாரின் கதை இதைத்தான் கேட்கிறது. தில்லைக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று அவர் தள்ளிப்போட்டது சோம்பலால் அன்று. பிறந்த குலம் அவரைத் தடுத்தது. போன பிறகும் தீயில் மூழ்கி எழுந்துதான் உள்ளே நுழைய முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கதைக்குள் லீவு தர மறுக்கும் ஒரு பண்ணையாரையும் கொண்டுவந்தார். ஒருவர் தானாகத் தள்ளிப்போடுவது வேறு, இன்னொருவரைப் போகவிடாமல் தள்ளிவைப்பது வேறு. முதலாவது அவரவர் பிழை. இரண்டாவது நம் எல்லோருடைய பிழை.

விருத்தாசலம், வடலூர், பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை எல்லாம் இங்கிருந்து ஒரு பஸ் தூரம். சிதம்பரம் அதற்குச் சற்றுக் கூட. ஓய்வு நாள் ஒன்று போதும். காசி பிறகு இருக்கட்டும், பிள்ளைகளோடு இவற்றுக்குப் போய்வாருங்கள். உங்கள் கூட வேலை பார்ப்பவர் ஆருத்ரா தரிசனத்துக்கோ வடலூர் ஜோதிக்கோ போக வேண்டும் என்று ஷிப்ட் மாற்றிக் கேட்டால், மறுக்காமல் மாற்றிக் கொடுங்கள்.